உப்பு நின்ற கோப்பை

1994 ஜனவரி 14ஆம் திகதி, வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு, மொன்றியல் செந்-டெனி வீதியிலுள்ள ஒரு மெக்சிக்க உணவகத்துக்கு மார்கரிட்டா என்ற மதுபானத்தைக் கண்டுபிடித்தவர்கள் ஐந்து பேர் வந்தார்கள். ஐவரும் இறந்து பல வருடங்கள் ஆகியிருந்தன.

வெளியே பூச்சியத்துக்குக் கீழே இருபத்தேழு பாகை. கதவு திறந்தபோது அவர்கள் வாயிலிருந்து மட்டும் ஆவி வரவில்லை. மதுக்கூடத்தில் பானங்கள் கலக்கும் கிருபானந்தன் அதைக் கவனித்தார். ஆனாலும் தெக்கீலா மதுவில் தேசிக்காய் பிழிந்து, கோப்பை விளிம்புகளில் உப்பு ஒற்றி, ஐந்து பேருக்கும் வைத்தார். முதலில் கலந்தது யார் என்று அவர்கள் ஸ்பானிய மொழியில் சண்டை பிடித்தார்கள். கிருபானந்தனுக்கு எல்லாம் விளங்கியது. அவர்களில் ஹோட்டல்காரர் ஒருவர், தானே ஒரு பாடகிக்காக முதலில் கலந்ததாகத் திகதி, மணி, சாட்சி எல்லாம் சொன்னார். சொல்லி முடித்ததும் அவர் கோப்பையின் உப்பு முழுவதும் மேசையில் கொட்டுண்டது. அடுத்த மூவருக்கும் அப்படியே. கடைசியாக, ஏப்ரன் கட்டிய பெண் தனக்குத் திகதி ஞாபகமில்லை என்றாள். விருந்தாளிக்குத் தெக்கீலா தொண்டையை எரித்தது, கையில் தேசிக்காய் இருந்தது, அவ்வளவுதான். அவளுடைய உப்பு அசையவில்லை. குடித்துவிட்டுப் போனாள்.

கிருபானந்தன் மேசையில் கொட்டுண்ட உப்பைத் துடைத்தார். செவ்வாய்க்கிழமை அவருக்கு அகதி விசாரணை. தோற்றால் இலங்கைக்குத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். மனைவி குணேஸ்வரி கொழும்பு லொட்ஜ் அறையில் மூன்று வருடமாகக் காத்திருந்தாள். அகதிக் கேஸை எழுதியவர் செந்-மிஷேல் பகுதியில் இருக்கும் தேவதாசன், ஊரில் பெட்டிசம், மனு எழுதிப் பழகிய கை. ஞாயிறன்று, தான் எழுதிய கதையை மனப்பாடமாக ஒப்புவிக்கவைக்க மதுக்கூடத்துக்கு வந்தார். கிருபானந்தன் அவருக்கும் ஒரு கோப்பை வைத்தார்.

"இது எனக்கு நடக்கேல்லை, அண்ணை."

"உனக்கு நடந்தது காணாது, தம்பி. உதை ஆர் கேப்பினம்? நான் எழுதினதில ரெண்டு துவக்குச் சூடு, ஒரு ஆமி ட்ரக், எல்லாம் இருக்கு. இதைச் சொல்லி ஏழு பேர் பாஸ் பண்ணிட்டாங்கள்."

தேவதாசன் முதல் பந்தியை வாசித்தார். உப்பு கொட்டுண்டது. அவர் விளிம்பை நக்கிப் பார்த்தார்.

"என்னடாப்பா, உப்பில்லை. கொஞ்சம் போடு."

மூன்று தரம் போட்டும் நிற்கவில்லை.

செவ்வாய்க்கிழமை கிருபானந்தன் எழுதிக் கொடுத்ததை விட்டுவிட்டு நடந்ததைச் சொன்னார். இராணுவம் ஒழுங்கைக்குள் வந்து அவர் பெயரைக் கூப்பிட்டது. அடுத்த வீட்டு வசீகரன், என்ன சத்தம் என்று பார்க்க வெளியே வந்தான். அவனைக் கொண்டுபோனார்கள். கிருபானந்தன் கிணற்றடியில் முகத்தில் சவர்க்காரத்தோடு நின்றார். வாய் திறக்கவில்லை.

விசாரித்த அம்மாள் பிரெஞ்சில் ஏதோ கேட்டார். மொழிபெயர்த்த அஜந்தா தலையைக் குனிந்துகொண்டே சொன்னாள்.

"ஏன் அண்ணை முதலே சொல்லேல்லை எண்டு கேக்கிறா."

"வெக்கம், பிள்ளை."

அந்த அம்மாளின் தண்ணீர்க் கிளாஸ் விளிம்பில் உப்பு படிந்திருந்தது. அவர் விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். பிறகு நெடுநேரம் எழுதினார்.

மார்ச்சில் அவரை அகதியாக ஏற்றுக்கொண்ட கடிதம் வந்தது. 1996 ஓகஸ்டில் குணேஸ்வரி மிராபெல் விமான நிலையத்தில் இறங்கினாள். ஏப்ரன் கட்டிய பெண் பிறகு வரவில்லை. மற்ற நால்வரும் வெள்ளிதோறும் வந்து சண்டை பிடிக்கிறார்கள். அவர்களுக்குக் கிருபானந்தன் உப்பில்லாமல் கொடுக்கிறார்.