புகார்தாரர் கையெழுத்து

நகராட்சிக்குப் போன் செய்து எங்கள் வீட்டின் மேலேயே புகார் கொடுத்தவள் நான்தான். எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு என்னை நல்லவள் என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம்.

விஷயம் இதுதான். வாசற்படிக்கும் கேட்டுக்கும் நடுவில் இருக்கிற மண் தரையில் அப்பாவின் கார் இரண்டு மாதமாக அசையாமல் நின்றுகொண்டிருந்தது. ஓடாத வண்டியைக் குடியிருக்கும் வீட்டின் முன்பக்கம் ஒரு மாதத்துக்கு மேல் நிறுத்திவைக்கக் கூடாது என்று நகராட்சியில் ஒரு விதி. முதலில் நோட்டீஸ், பிறகு நாள் கணக்கில் அபராதம், அதற்கும் மசியாவிட்டால் வண்டியையே இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள். எனக்கு வேண்டியிருந்தது அந்தக் கடைசிக் கட்டம்தான்.

வண்டி ஏன் ஓடவில்லை என்று கேட்டால், அதற்கும் நான்தான் காரணம். பானெட்டுக்கு அடியில் ஒரு கறுப்புப் பெட்டி, அதற்குள் வரிசையாகக் குட்டிக் குட்டி ஃப்யூஸ்கள். பெட்ரோல் பம்புக்கு உரியது எது என்று ஒரு வீடியோவில் பார்த்துப் பிடுங்கி, என் கைப்பையில் போட்டுக்கொண்டேன்.

அப்பாவுக்கு எழுபத்து நான்கு வயது. முப்பது வருடம் பஸ் ஓட்டியவர். "ஒரு கோழியக்கூட இடிச்சதில்ல" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார். இரண்டு மாதத்துக்கு முன், நானும் அவரும் பள்ளிக்கூடத் தெருவில் திரும்பும்போது ஒரு பெண் குழந்தை சைக்கிளில் குறுக்கே வந்தது. அப்பா பிரேக்கைத் தொடவே இல்லை. நான் பாய்ந்து ஸ்டியரிங்கைத் திருப்பியிருக்காவிட்டால் அந்தக் குழந்தை இன்று இல்லை. அப்பா அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டுக்கு வந்தார், சாப்பிட்டார், கை கழுவிவிட்டு டிவி முன்னால் உட்கார்ந்துவிட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மனுஷனுக்கு இப்படியும் ஒரு கல்நெஞ்சு இருக்குமா!

நேராகவே சொல்லியிருக்கலாமே என்பீர்கள். எங்கள் அப்பாவிடம் சொல்லிப் பாருங்கள்! "ஒரு தடவ கண் டாக்டரப் பாருங்கப்பா" என்று அண்ணன் சொன்ன பாவத்துக்கு ஆறு மாதம் அவனோடு பேச்சு வார்த்தை இல்லை. என் கணவரிடம் போனால், "நீயாச்சு, உங்கப்பாவாச்சு. என்ன ஆள விடு" என்று கையெடுத்துக் கும்பிடுகிறார்.

சாயங்காலம் ஆனால் போதும், அப்பா காரில் ஏறிச் சாவியைத் திருகுவார். அது நாலு தடவை இருமிவிட்டு அடங்கும். இறங்கி பானெட்டைத் திறந்து கையால் தடவித் தடவிப் பார்ப்பார். மறுபடி ஏறுவார். நான் சமையலறையில் அடுப்பை மறந்து நிற்பேன். கிளம்பித் தொலைத்துவிடுமோ என்று ஒரே பதைப்பு. மெக்கானிக்கைக் கூப்பிடுகிறேன் என்று அவர் சொல்லும்போதெல்லாம், அவன் ஊரிலேயே இல்லை என்று வாய் கூசாமல் புளுகினேன். மருந்துக்கடை வேலையிலும் புத்தி நிலைக்கவில்லை. சளி மருந்து கேட்டவருக்கு வயிற்று மருந்தை எடுத்து நீட்டி, முதலாளியிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

நோட்டீஸ் வந்த அன்று அப்பா வானத்துக்கும் பூமிக்குமாகக் குதித்தார்.

"எவன் போட்டுக் குடுத்தான்? எதுத்த மாடி வீட்டுக்காரனாத்தான் இருக்கும்!"

"இருக்கும்ப்பா" என்றேன். பாவம், எங்கள் வீட்டில் கார் இருப்பதே அந்த மனுஷருக்குத் தெரியுமோ என்னவோ.

நோட்டீஸில் போட்டிருந்த நாளில் நகராட்சி ஆய்வாளர் வந்தார். சின்ன வயதுக்காரர், சிரித்த முகம்.

"வண்டி ஸ்டார்ட் ஆகி பத்தடி நகர்ந்தாப் போதும் ஐயா, இன்னிக்கே முடிச்சிடலாம். இல்லன்னா நாளையிலேர்ந்து தினமும் அபராதம், அப்புறம் இழுவை வண்டி வந்துடும்."

அப்பா ஏறி உட்கார்ந்து சாவியைத் திருகினார். இருமல். மறுபடி இருமல். அவருடைய கழுத்தெல்லாம் வேர்த்துவிட்டது. பார்க்கச் சகிக்கவில்லை, ஆனாலும் உள்ளுக்குள் அப்பாடா என்றிருந்தது.

"இருங்க ஐயா, எங்க மாமாகிட்டயும் இதே வண்டிதான்" என்று ஆய்வாளர் பானெட்டைத் தூக்கினார். "அட, இங்க ஒரு ஃப்யூஸையே காணோமே! எலி கிலி தூக்கிட்டுப் போச்சா?"

அந்தப் பெட்டியின் மூடிக்கு உள்பக்கமே ஒன்றிரண்டு ஃப்யூஸ் கூடுதலாகச் செருகி வைத்திருப்பார்களாம். நான் பார்த்த வீடியோவில் ஒருத்தனும் அதைச் சொல்லவில்லை. அவர் ஒன்றை எடுத்து அழுத்தினார், அப்பா திருகினார், எஞ்சின் கும்மென்று பிடித்துக்கொண்டது. அபராதம் போட வந்த ஆள் உபகாரம் செய்யவில்லை என்று யார் அழுதார்கள்?

கார் கேட் வரைக்கும் போய் நின்றது. "பாத்தியாம்மா!" என்று அப்பா ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிச் சிரித்தார். இரண்டு மாதமாக நான் பார்க்காத சிரிப்பு.

ஆய்வாளர் நோட்டீஸ் மேல் குறுக்கே ஒரு கோடு போட்டார். பிறகு காகிதத்தை என் பக்கம் திருப்பினார்.

"புகார்தாரர் கையெழுத்து வேணும் மேடம். அது இல்லாம ஃபைல மூட முடியாது. உங்க பேரு, உங்க நம்பர்தானே இது?"

போனில் பேர் கேட்டார்கள், கொடுத்துவிட்டேன். பதினெட்டு வருடமாகப் பில்லில் பேரும் நம்பரும் இல்லாமல் ஒரு மாத்திரைகூடக் கொடுத்து அறியாதவள் நான். பேர் சொல்லாமல் புகார் கொடுக்கலாம் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

அப்பாவின் சிரிப்பு நின்றது. எஞ்சின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

"நீயா? எதுக்கும்மா?"

அதுவரை அடக்கி வைத்திருந்ததெல்லாம் உடைத்துக்கொண்டது. "எதுக்கா? அந்தக் குழந்தையக் கொன்னிருப்பீங்கப்பா! உங்களால எப்படி அத மறந்துட்டுச் சாப்பிட முடிஞ்சுது?"

"எந்தக் குழந்த?"

நடிக்கிறார் என்றுதான் நினைத்தேன். "பள்ளிக்கூடத் தெருவுல! சைக்கிள்ல வந்துச்சே! நான் ஸ்டியரிங்கப் பிடிச்சு இழுத்தேனே!"

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீ சும்மா பயந்துபோய் இழுத்துட்டேன்னு நெனச்சேன்மா. கேட்டா உனக்கு அவமானமா இருக்கும்னுதான் நான் வாயே தொறக்கல."

ஆய்வாளர் கேட்டுக்கு வெளியே போய் நின்றுகொண்டார். பாவி நான், அந்த மௌனத்தையா இரண்டு மாதம் கரித்துக்கொட்டினேன்!

"குழந்தைக்கு அடி ஏதும் பட்டுச்சா?"

"இல்லப்பா."

"மறைக்காமச் சொல்லு."

"சத்தியமா இல்லப்பா."

அவர் கை சாவி வரைக்கும் போய் நின்றது.

"நீயே ஆஃப் பண்ணிடும்மா" என்றார். "எனக்குக் கை வரல."

நான் ஜன்னல் வழியாகக் கையை விட்டுச் சாவியைத் திருகினேன்.