மழை சொன்ன காது

ஆஸ்திரேலியாவில் இங்ஹாம் பக்கத்துக் கரும்புக்காரர்கள் வானொலியில் வானிலை கேட்பதில்லை. என் நண்பன் கிளாரியின் வலது காதைத்தான் பார்ப்பார்கள். அது துடித்தால் மறுநாள் மழை. வெட்டு இயந்திரம் கொட்டகையை விட்டு நகராது. இதற்குக் கைம்மாறாக மதுக்கடையில் அவனுக்கு பீர் இலவசம். அவன் எதிரிலேயே உட்கார்ந்து குடித்தவன் என்ற முறையில் நான் சாட்சி.

அந்தக் காதின் மேல் விளிம்பில் மூன்று வருடமாக ஒரு புண், ஆறுவதும் பொருக்குத் தட்டுவதுமாக இருந்தது. அவன் மனைவி டோரீன் கடைசியில் அவனை டாக்டரிடம் இழுத்துப் போனாள். காரை ஓட்டியது நான். டாக்டரம்மா துளி சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். மறுவாரம் மூவரும் மறுபடி போனோம்.

"புத்துநோய்தான். காதுல மேல்பாதிய வெட்டணும்."

"அது மருங்க," என்றான் கிளாரி. "மரு வைரஸால வர்றது. தானா வந்தது தானா போயிரும்."

"எங்கப்பா கரும்பு ஏத்தற ரயில் ஓட்டினவரு, அத வச்சே சொல்றேன்," என்றார் டாக்டரம்மா. " 'ஓடு', 'நில்லு'ன்னு சொல்ற மரபணு ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் இருக்கு. நீங்க காலமெல்லாம் தொப்பியில்லாம வயல்ல நின்னீங்க. வெயில் பட்டுப்பட்டு அதெல்லாம் மாறிப்போச்சு. பிரேக் போன ரயில் நிக்காம ஓடுது."

"அப்ப வைரஸ்?"

"சில வைரஸ் உள்ளயே தங்கி அதே பிரேக்கக் கழட்டிவிடும். கர்ப்பப்பை வாய்ல வர்ற புத்து பெரும்பாலும் அப்படித்தான். பள்ளிக்கூடத்துல பிள்ளைங்களுக்கு ஊசி போடறது அதுக்குத்தான். உங்க காதுல வெயில்தான் வேலையக் காட்டியிருக்கு. விட்டா கழுத்துக்கு எறங்கும்."

"அரைக் காத வச்சு நான் என்னத்த மழை சொல்றது? நாலு பேரு என்னை மதிக்கிறதே இதாலதான்."

நான் அவன் பக்கம் தலையாட்டினேன். அந்த பீரில் எனக்கும் பங்குண்டு.

டோரீன் கைப்பையை மூடினாள். "நாளைக்கு வர்ற மழை தெரியுது உன் காதுக்கு. மூணு வருஷமா தன் தலைமேலயே உக்காந்திருக்கிறது தெரியலையே, கிளாரி. இத நம்பியா உசிர விடப்போற?"

கிளாரி காதைத் தடவிப் பார்த்தான். வெகுநேரம் தடவினான்.

"எப்ப வெட்டறீங்க?"

வெட்டினார்கள். மதுக்கடையில் பீரும் அரைக் கோப்பையானது. கொஞ்ச நாளில் டாக்டரம்மா போன் செய்தார். கிளாரி எனக்கும் கேட்கும்படி வைத்தான்.

"நல்ல சேதி. வெட்டின துண்டோட ஓரமெல்லாம் சுத்தமா இருக்காம், நோய் மிச்சமில்ல. இனிமே தொப்பி மட்டும் மறக்காதீங்க. அப்புறம், காதச் சோதிச்ச டவுன்ஸ்வில் ஆய்வுக்கூடத்துல ஒண்ணு கேக்கறாங்க. உங்க காது இருக்கிற ஜாடி காலையிலேருந்து மேசைமேல நடுங்கிக்கிட்டே இருக்காம். ஏன்னு தெரியுமா?"

கிளாரி புதுத் தொப்பியைச் சரிசெய்துகொண்டான்.

"நாளைக்கு அங்க யாரும் துணி காயப்போட வேண்டாம்னு சொல்லுங்க."