குளிப்பாட்டிய காசு

மாமனாரின் நூற்று முப்பது வயது வெள்ளிக் காசைக் கண்ணாடிக்கடைக்காரர் குளிப்பாட்டிவிட்டார்.

நல்லெண்ணத்தில்தான். உலகத்தில் பாதி நாசம் நல்லெண்ணத்தில்தான் நடக்கிறது. மூக்குக் கண்ணாடிகளின் இடுக்கில் சேரும் அழுக்கை எடுக்க அவர் கடையில் ஒரு சின்னத் தொட்டி உண்டு. சோப்புத் தண்ணீர் ஊற்றிப் பொத்தானை அமுக்கினால் 'ஙீ' என்று நடுங்கி அழுக்கைக் கழற்றும். கன்னங்கரேலென்று இருந்த காசு அதில் மூன்று நிமிடம் உட்கார்ந்து எழுந்தது. அதுவும் போதாதென்று, பிரேம் மெருகேற்றும் சக்கரத்தில் இரண்டு பக்கமும் காட்டினார். காசு பளபளவென்று புது மாப்பிள்ளை மாதிரி ஆகிவிட்டது. பழைய மாப்பிள்ளைதான் பெருமையோடு அதை மனைவியிடம் நீட்டினார்.

"எப்படி?"

லென்ஸ் வெட்டிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள். அவள் முகம் காசுக்கு நேர்மாறாக இருண்டது.

"என்னங்க பண்ணீங்க? அந்தக் கருப்புதாங்க அதுக்கு மதிப்பே! அப்பா அதைத் துணியால கூடத் துடைக்க மாட்டாரு."

உடனே கைப்பேசியில் தேடினார். பழங்காசைத் தேய்க்காதே, கழுவாதே, மெருகேற்றாதே என்று உலகத்தின் எல்லா மூலையிலிருந்தும் ஆட்கள் எழுதியிருந்தார்கள். அவர் மூன்றையும் வரிசை தவறாமல் செய்திருந்தார்.

இதில் காசை விடப் பெரிய சங்கதி ஒன்று உண்டு. சாவி.

மாமனார் எடை அளவு ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பது வருடம் கடை கடையாகத் தராசைச் சோதித்தவர் என்பதால் அவர் முதுகுக்குப் பின்னால் எல்லோருக்கும் 'தராசு'. எதற்கும் நேராகப் பதில் சொல்லமாட்டார். சாப்பிடுறீங்களா என்றால் "பார்க்கலாம்". மழை வருமா என்றால் "பார்க்கலாம்". பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் கண்ணாடிக்கடைக்காரர் போய்ப் பெண் கேட்டபோதும் "பார்க்கலாம்" என்றுதான் சொன்னார். கல்யாணம் நடந்தது, பிள்ளை பிறந்தது, அந்தப் பிள்ளை பள்ளிக்கூடமும் போகிறது. சரி என்ற வார்த்தை மட்டும் இன்னும் வந்து சேரவில்லை.

அப்படிப்பட்டவர் மூத்த மகள் வீட்டில் நாற்பது நாள் தங்கப் புறப்படும்போது, காசு ஆல்பம் இருக்கும் அலமாரிச் சாவியை மாப்பிள்ளை கையில் வைத்தார். "வாரம் ஒரு தடவை திறந்து காத்துப் பட வைங்க" என்றார். கண்ணாடிக்கடைக்காரருக்கு அன்றைக்கு ஒரு சுற்றுப் பருத்ததுபோல இருந்தது. இப்போது ஒன்பது நாளில் காசு போச்சு. சாவியும் போய்விடும். அப்புறம் ஆயுசுக்கும் "பார்க்கலாம்"தான்.

"அதே மாதிரி ஒண்ணு வாங்கி வெச்சுடறேன்" என்றார்.

"நான் அப்பாகிட்டப் பொய் சொல்லமாட்டேன்" என்றாள் மனைவி. "அவரா கேக்காத வரைக்கும் வாயத் திறக்கவும் மாட்டேன். அவ்வளவுதான் உங்களுக்குச் செய்ய முடியும்."

அதே வருடத்துக் காசு, அதே கருப்போடு, கடல் கடந்த ஓர் ஏல நிறுவனத்தின் இணையதளத்தில் இருந்தது. முடிய இரண்டு நாள். கடைசி ஐந்து நிமிடம் வந்தபோது அவர் ஒரு லாரி டிரைவருக்குக் கண் பரிசோதித்துக்கொண்டிருந்தார்.

"இது தெளிவா, இது தெளிவா?" லென்ஸை மாற்றிக்கொண்டே இடது கையால் எழுபது என்று தட்டினார்.

"ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கு."

யாரோ எழுபத்தைந்து கேட்டான். இவர் எண்பது தட்டினார். "இப்போ?"

"இப்போ மோசமா இருக்கு."

"எனக்கும்தான்" என்றார். தொண்ணூற்றைந்தை யாரோ கேட்க, நூறு என்று தட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். திறந்தபோது காசு அவருடையது. "வந்துருச்சு!" என்று கத்தினார்.

"எனக்கு இன்னும் வரலீங்க, எல்லாம் மங்கலாத்தான் இருக்கு" என்றார் டிரைவர்.

அந்த நாட்டுப் பணத்தில் நூறு. கொஞ்சம் வலிக்கும், ஆனால் தாங்கும். நூறோடு முடிந்தது என்று நினைத்து அன்று மனைவிக்கு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தார். அந்த ஐஸ்கிரீமை அவர் ரொம்ப நாள் நினைத்து வருந்தினார்.

மறுநாள் பில் வந்தது. நூற்று இருபத்தெட்டு. ஏலத்தில் வாங்கியதற்காக வாங்குகிறவரே நிறுவனத்துக்குத் தரவேண்டிய கட்டணம் நூற்றுக்கு இருபத்தைந்து. இணையம் வழியாகக் கேட்டதற்கு இன்னொரு மூன்று.

"ஜெயிச்சதுக்கு அபராதமா?" என்றார்.

"விதிமுறைல போட்டிருப்பானே, படிக்கலையா?"

"ரொம்பச் சின்ன எழுத்துடி."

மனைவி சுவரைப் பார்த்தாள். சுவரில் கண் பரிசோதனை அட்டை தொங்கியது. அதன் கடைசி வரியை ஒரு நாளைக்கு இருபது பேரைப் படிக்கவைத்து, படிக்க முடியாதவர்களைப் பார்த்து உச்சுக்கொட்டுகிறவர் அவர்.

பிறகு காப்பீட்டோடு பார்சல் அனுப்ப முப்பத்தெட்டு. கடன் அட்டையில் பணம் கட்டியதில், அதை அந்த நாட்டுப் பணமாக மாற்றித் தந்ததற்கு வங்கி நாலு எடுத்துக்கொண்டது. ஆக நூற்று எழுபது.

"சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்" என்றாள் மனைவி. அந்தப் பழமொழியைச் சொல்லிவைத்த புண்ணியவான் நிச்சயமாக ஏலத்தில் காசு வாங்கியிருப்பான் என்று கண்ணாடிக்கடைக்காரருக்குத் தோன்றியது.

பார்சல் வந்தது. வீட்டுக்கு அல்ல, சுங்கத்துக்கு. கூரியர் உதவி எண்ணை அழைத்து, "மொத்தம் எவ்வளவு கட்டணும், ஒரே வார்த்தையில சொல்லுங்க" என்றார். "அது மதிப்பீட்டைப் பொறுத்தது சார்" என்றது ஒரு குரல். மறுநாள் இன்னொரு குரல், "அது வகையைப் பொறுத்தது சார்." உலகம் முழுக்க மாமனார்களாக இருந்தார்கள்.

முப்பத்தொன்பதாவது நாள் கடையை மனைவியிடம் விட்டுவிட்டு நேராகக் கூரியர் கிடங்குக்கே போனார். கம்பி வலைக்குப் பின்னால் இருந்த பெண் குமாஸ்தா ரசீதுகளை ஒவ்வொன்றாக அச்சடித்தாள்.

"வரி முப்பது."

"காசு நூறுதானேம்மா, அதுக்கு முப்பதா?"

"காசுக்கு மட்டும் இல்ல சார். அனுப்புன செலவையும் சேர்த்துத்தான் மதிப்பு. இது, உங்க சார்பா நாங்க சுங்கத்துல பேசுனதுக்கு. பதினாலு."

"யாரு பேசச் சொன்னது?"

"பேசலைன்னா வராது சார். இது ரெண்டு நாள் இங்க வெச்சிருந்ததுக்கு. நாலு."

"ரெண்டு நாளா நான் உங்களுக்குத்தானேம்மா போன் பண்ணிட்டிருந்தேன்!"

"அதான் சார், ரெண்டு நாள்" என்றாள் அவள், மிகுந்த பரிவோடு.

இருநூற்றுப் பதினெட்டு. ஆனாலும் டப்பாவைத் திறந்து பார்த்தபோது மனசு நிறைந்தது. அழுக்குப் பிடித்த, குளிக்காத, அற்புதமான காசு. அதை ஆல்பத்தின் குழியில் வைத்து, பழையதைச் சட்டைப்பைக்குள் போட்டு, அலமாரியைப் பூட்டினார்.

மறுநாள் காலை மாமனார் வந்தார். கை கால் கழுவி, ஆல்பத்தையும் சின்னத் தராசையும் எடுத்து மேசையில் வைத்தார். எங்கே போய்விட்டு வந்தாலும் அவர் எதையாவது எடை போட்டுப் பார்த்தால்தான் வீட்டுக்கு வந்ததாக அர்த்தம். ஒரு பழைய நோட்டைத் திறந்தார். அதில் ஒவ்வொரு காசின் எடையும் கிராமில் நூறில் ஒரு பங்கு வரைக்கும் எழுதியிருந்தது.

கண்ணாடிக்கடைக்காரர் பழைய காசு இருந்த சட்டைப்பையைப் பொத்திக்கொண்டார். தராசின் முன்னால் தராசு உட்கார்ந்திருக்கும்போது பொய் எந்தத் தட்டில் நிற்கும்?

அந்தக் காசின் முறை வந்தது. மாமனார் எடையைப் பார்த்தார். நோட்டைப் பார்த்தார். மறுபடி போட்டுப் பார்த்தார். அப்புறம் மாப்பிள்ளையைப் பார்த்தார்.

"மாமா, அது உங்க காசு இல்ல" என்றார் கண்ணாடிக்கடைக்காரர். "உங்களோடது இது." சட்டைப்பையிலிருந்து பளபளப்பை எடுத்து மேசையில் வைத்தார். பிறகு எல்லாவற்றையும் சொன்னார். தொட்டி, சக்கரம், லாரி டிரைவர், ஐஸ்கிரீம், கம்பி வலை எதையும் விடவில்லை. ரசீதுகளையும் பரப்பினார்.

மாமனார் ஒவ்வொரு ரசீதாகப் படித்தார். மாப்பிள்ளை செய்து கொடுத்த கண்ணாடியைப் போட்டுக்கொண்டுதான் படித்தார். அதிலே ஒரு சின்ன நம்பிக்கை.

"இந்த இருபத்தஞ்சு சதவீதத்த முன்னாடியே சொல்லியிருந்தானா?"

"சொல்லியிருந்தான் மாமா. கீழ, ரொம்பச் சின்ன எழுத்துல."

"நீங்க என்ன தொழில் பண்றீங்க மாப்பிள்ளை?"

கதவோரம் நின்ற மனைவி சட்டென்று அடுப்படிக்குள் போனாள். உள்ளேயிருந்து பாத்திரம் ஒன்று சிரிப்பது போலக் கேட்டது.

"கண்ணாடிக்கடை, மாமா."

மாமனாரின் தோள் குலுங்கியது. முதலில் இருமல் என்று நினைத்துத் தண்ணீர் எடுக்கப் போனார் கண்ணாடிக்கடைக்காரர். பன்னிரண்டு வருடத்தில் மாமனார் சிரித்து இவர் பார்த்ததில்லை, அடையாளம் தெரியவில்லை. சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மாமனார் இரண்டு காசையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். குளித்தது ஒன்று, குளிக்காதது ஒன்று.

கண்ணாடிக்கடைக்காரர் இடுப்பிலிருந்து சாவியை எடுத்து, காசுகளுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"நான் இதைக் கொடுத்துட வேண்டியதுதானே மாமா?"

பன்னிரண்டு வருடமாகக் கேட்ட அதே பதில்தான் வரும் என்று அவருக்குத் தெரியும். அதை இரண்டு காதாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக நின்றார்.

மாமனார் சாவியை ஒரு விரலால் மேசைமேல் தள்ளித் தள்ளி, மாப்பிள்ளையின் பக்கத்து விளிம்புவரைக்கும் கொண்டுவந்தார்.

"வேண்டாம்" என்றார். "உங்ககிட்டயே இருக்கட்டும்."