ஆளில்லாத அறை

எங்கள் அச்சகத்தில் பிழை திருத்துபவருக்கு 'சிலை' என்று பட்டப்பெயர். உட்கார்ந்தால் அசைய மாட்டார். கண் மட்டும் வரி வரியாக ஓடும். அப்பேர்ப்பட்டவரின் அறையில்தான், மின்சாரத்தை மிச்சம் பிடிக்கிறேன் பேர்வழி என்று, ஆள் அசைந்தால் மட்டும் எரியும் விளக்கை மேனேஜர் மாட்டினார்.

விளக்கு அவரை ஓர் ஆளாகவே மதிக்கவில்லை. படித்துக்கொண்டிருக்கும்போதே அணைந்துவிடும். முதலில் கையை ஆட்டி ஆட்டிப் பார்த்தார். "எந்த செக்‌ஷன் ஜாஸ்தி மிச்சம் பண்ணுதோ, அவங்களை நான் மறக்க மாட்டேன்" என்று மேனேஜர் சொன்னாரோ இல்லையோ, ஆட்டுவதை நிறுத்திவிட்டார். அவருடைய வேலை ஒப்பந்தம் முடியப்போகிறது. நீட்டிக்காவிட்டால் மகளின் படிப்பு பாதியில் நின்றுவிடும். மேசையை ஜன்னலோரம் இழுத்துப் போட்டு, மூக்கு தாளில் உரச வேலை பார்த்தார். விளக்கு விழித்துவிடக் கூடாதே என்று தும்மலைக்கூட அடக்கினார்.

"அண்ணே, கண்ணு போயிடும்ணே" என்றேன்.

"கண்ணாடியை மாத்திக்கலாம் தம்பி. இந்த வயசுல வேலையை மாத்த முடியுமா?"

மிச்சம் எவ்வளவு என்று சொல்ல எல்லோரையும் ஹாலுக்குக் கூப்பிட்டார்கள். மேனேஜர் திரையில் கணக்குப் படங்களை ஒவ்வொன்றாகப் போட்டார்.

"முதல் இடம், பிழை திருத்தற ரூம்!"

கைதட்டினோம். சிலைக்கு வாயெல்லாம் பல்.

"அங்க லைட்டே எரியலை. அதாவது, ஆளே இருக்கிறதில்லை. அந்த ரூமும் வேணாம், அந்த வேலையும் வேணாம்னு மேல எழுதிட்டேன்."

சிலையின் பல் மறைய ஒரு நிமிடம் பிடித்தது. "சார்... நான் உள்ளதான் சார் இருந்தேன். லைட்டு எரியக்கூடாதுன்னுதான் அசையாம இருந்தேன்."

"நான் நம்பறேன். மெஷின் நம்பலையே" என்று மேனேஜர் சிரித்தார்.

ஹாலிலும் அதே மாதிரி விளக்குதான்; அத்தனை பேரும் உறைந்து உட்கார்ந்ததில் அதுவும் அணைந்தது. மேனேஜர் அலட்சியமாகக் கையை ஆட்டினார். வெளிச்சம் வந்தது.

"பாத்தீங்களா? இருக்கிறவன் கையை ஆட்டுவான்."

சிலையாக இருந்த அந்த மனிதர் மெல்ல வலது கையைத் தூக்கி ஆட்டினார். பிறகு இரண்டு கைகளையும் ஆட்டினார். மேனேஜர் அடுத்த படத்துக்குப் போய்விட்டார்.