ஐந்தாவது கப்பல்

கொம்படித்துறையின் கடல் போன பிப்ரவரியில் மணலோடைக்குப் போய்விட்டது.

இரண்டு ஊருக்கும் சேர்த்து ஒரே கடல்தான். வருடத்துக்கு ஒருமுறை, ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்ததும், இரு ஊரும் கம்ப்யூட்டரில் பழங்காலக் கப்பற்படை விளையாட்டு ஆடும். ஜெயித்த ஊருக்கு ஒரு வருடம் கடல். தோற்ற ஊரிலிருந்து மறுநாள் காலை பத்து மணிக்குக் கடல் கிளம்பும். பத்து என்றால் பத்துதான், கடல் அந்த விஷயத்தில் ரொம்பக் கறார்.

ஆட்டத்துக்கு ஐந்து கப்பல் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒவ்வொரு கப்பலுக்கும் வேகம், உறுதி, வில்லாளர், சரக்கறை என்று நான்கு மதிப்பெண் போட்டிருக்கும். போன வருடம் தேர்ந்தெடுத்தவர் ஊர்க் கமிட்டித் தலைவர் மச்சாது. ஐம்பது வருடம் மீன் பிடித்த கண் வேறெங்கே போகும்? சரக்கறை பெரிதாக இருந்த ஐந்தையும் எடுத்தார். "ஐஸ் எம்புட்டுப் பிடிக்கும் பாருங்கடே!" என்றார். கமிட்டியே கைதட்டியது. போர் தொடங்கியதும் ஐந்து கப்பலும் வலை வீசின. நல்ல மீன்பாடு. எதிரி அம்பு விட்டபோது வயிறு நிறைய மீனோடு ஐந்தும் மூழ்கின.

மறுநாள் கடல் கிளம்பும் என்று எல்லோருக்கும் தெரியும். அதனால் அந்தத் திங்கட்கிழமை யாரும் தொழிலுக்குப் போகவில்லை, சிலுவை என்ற ஒருவனைத் தவிர. "ஒம்பதுக்கெல்லாம் கரையில நிப்பேன்" என்று மனைவி ஜெனோவாவிடம் சொல்லிவிட்டுத் தன் வள்ளத்தில் போனான். கல்யாணத்தன்று கோவிலுக்கு ஒன்றரை மணி நேரம் பிந்தி வந்த மனிதன் அவன். அவனை நம்பி அனுப்பியதற்காக ஜெனோவா இன்றுவரை தன்னைத்தான் திட்டிக்கொள்கிறாள். பத்து மணிக்குக் கடல் போயிற்று. கடலோடு அவனும் போனான்.

கடலோடு போனவர்கள் கடலோடுதான் திரும்ப வேண்டும். பஸ்ஸில் வர ஏற்பாடு இல்லை. ஜெனோவா வெள்ளிக்கிழமைதோறும் பஸ் ஏறி மணலோடைக்குப் போய்க் கரையில் நிற்பாள். தூரத்தில் ஒரு புள்ளி தெரியும். அவள் குடையை ஆட்டுவாள், புள்ளியும் ஏதோ ஆட்டும். மற்ற நாட்களில் அவளால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. கழுவிய சட்டியையே திரும்பக் கழுவினாள். சந்தைக்கு என்று கிளம்பி, கடல் இருந்த இடத்தில் வெறும் மணலில் ஒரு மைல் நடந்துவிட்டு வந்தாள். இன்னொரு வருடம் இப்படிப் போனால் தனக்குப் பைத்தியம்தான் பிடிக்கும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

அதனால் இந்த வருடம் தானே தேர்ந்தெடுப்பதாகச் சொன்னாள். யாரும் மறுக்கவில்லை. செவுளைத் தூக்கிப் பார்க்காமல் ஒரு மீனைக்கூட அவள் கூடையில் போட்டதில்லை. அவளை ஏய்த்த ஏலக்காரன் அந்தக் கரையில் கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை கமிட்டி ஹாலில் ஊரே கூடியிருந்தது. மணலோடைக்கு வழக்கம்போல, தன் வீட்டிலிருந்தே ஆடுபவர் செல்வின் வாத்தியார். ஓவியம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர், படுநிதானம். ஒரு நகர்வுக்குக் கால் மணி நேரம் யோசிப்பார். ஒரு மணி அடித்தால் சாப்பிட எழுந்துவிடுவார், அப்புறம் நாலு மணி வரை தூக்கம். இந்த விளையாட்டில் எல்லாமே முறை வைத்துத்தான் நடக்கும். கரையைத் தொடுவது ஒரு நகர்வு, கரையில் இறங்குவது இன்னொரு நகர்வு. இரண்டுக்கும் நடுவே எதிராளி தன் பொத்தானை அழுத்தியாக வேண்டும். ஜெயித்து ஊர் திரும்பும் கப்பலுக்கும் இதே விதிதான்.

ஜெனோவா கப்பல்களை ஒவ்வொன்றாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அடிப்பலகை, சுக்கான், பாய்த்துணியின் தையல். வேகமான துடுப்புக் கப்பல் இரண்டு எடுத்தாள். வில்லாளர் நிறைந்த கோபுரக் கப்பல் ஒன்று, நெருப்பு வீசும் கப்பல் ஒன்று. ஐந்தாவதாக இடிகப்பலை எடுக்கச் சொல்லி ஹால் முழுக்கக் கத்தியது. உறுதி பத்துக்குப் பத்து. முட்டினால் எதிரிக் கப்பல் இரண்டாகப் பிளக்கும். அவள் கையும் அதை நோக்கித்தான் போனது. போகிற வழியில், பட்டியலின் கடைசியில் ஒரு ஃபைபர் வள்ளம் இருந்தது.

வேகம் நான்கு. உறுதி ஒன்று. வில்லாளர் இல்லை. சரக்கறை மூன்று. ஆள்: சிலுவை. குறிப்பு: சொன்ன நேரத்துக்கு வரமாட்டார்.

கடலில் இருப்பதெல்லாம் பட்டியலில் வரும், அது விதி. பக்கத்தில் இருந்த படத்தில் அவனுக்குத் தாடி முளைத்திருந்தது. மெலிந்திருந்தான். சட்டை அதே நீலச் சட்டை. விளையாட்டில் மூழ்கினால் மூழ்கியதுதான், அதையும் அவள் நினைக்காமல் இல்லை. ஆனால் அவள் எடுக்காவிட்டால் செல்வின் வாத்தியார் எடுப்பார். எடுத்து முதல் வரிசையில் நிறுத்துவார்.

"ஏ புள்ள," என்றார் மச்சாது. "ஊருக்குக் கடல் வேணுமா, ஒனக்குப் புருஷன் வேணுமா?"

"ரெண்டும் ஒரே தண்ணியிலதான மாமா கெடக்கு?" என்று சொல்லிவிட்டு ஜெனோவா வள்ளத்தை அழுத்தினாள். ஹாலில் பாதிப் பேர் எழுந்து போனார்கள். போய், ஜன்னல் வழியாகப் பார்த்தார்கள்.

பதினோரு மணிக்குள் துடுப்புக் கப்பல் இரண்டும் போயின. பன்னிரண்டரைக்கு நெருப்புக் கப்பல் எதிரியின் மூன்றை எரித்துத் தானும் எரிந்தது. கோபுரக் கப்பல் ஓட்டையாகி ஓரமாக நின்றது. மிச்சம் இருந்தது வள்ளம். எதிரே செல்வின் வாத்தியாரின் இரண்டு பெரிய கப்பல்கள், ஒவ்வொன்றிலும் இருநூறு வில்லாளர். ஜெனோவா நின்றாள், உட்கார்ந்தாள், மறுபடி நின்றாள். முந்தானை நுனி அவள் பல்லில் கிழிந்துகொண்டிருந்தது. அந்த இரண்டுக்கும் நடுவே மட்டும்தான் தப்பிக்க வழி இருந்தது. நான்கு கட்டம் தாண்டி நடுவில் போகும்படி வள்ளத்துக்கு உத்தரவு கொடுத்தாள்.

செல்வின் வாத்தியார் கால் மணி நேரம் யோசித்தார். வள்ளத்தின் வேகம் நான்கு, அது நான்காவது கட்டத்துக்கு வந்தாக வேண்டும். இரண்டு கப்பலையும் அந்தக் கட்டத்தின் இருபுறமும் நிறுத்தி, நானூறு வில்லாளரையும் ஒரே சமயத்தில் எய்யச் சொன்னார்.

அம்புகள் வந்தன. சிலுவை வரவில்லை.

அவன் இரண்டாவது கட்டத்தில் நின்று பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தான். காலியான கட்டத்தைத் தாண்டி இந்தக் கப்பலின் அம்பு அந்தக் கப்பலிலும், அந்தக் கப்பலின் அம்பு இந்தக் கப்பலிலும் பாய்ந்தன. இரண்டும் ஒன்றாகச் சாய்ந்து முங்கின. அதற்கப்புறம் சிலுவை சாவகாசமாக நான்காவது கட்டத்துக்கு வந்தான். பன்னிரண்டு ஐம்பத்தைந்துக்கு ஆட்டம் முடிந்தது. செல்வின் வாத்தியார் சாப்பிடப் போனார். மச்சாது முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நான் அப்பமே சொன்னம்லா" என்றார்.

திங்கட்கிழமை பத்து மணிக்கு மணலோடையிலிருந்து கடல் கிளம்பியது. அலைகள் முன்னால் வந்தன, ஆழம் கொஞ்சம் பின்தங்கி வந்தது. பன்னிரண்டு மணிக்கெல்லாம் எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. ஊரே இறங்கிக் கால் நனைத்தது. ஜெனோவா மட்டும் நனைக்கவில்லை. கூடையையும் குடையையும் வைத்துக்கொண்டு கரையில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தாள்.

வள்ளம் ஒன்றேகாலுக்கு வந்தது. மூக்கு மணலைத் தொட்டது. சிலுவை எழுந்தான், அவளைப் பார்த்துச் சிரித்தான், இறங்குவதற்காக ஒரு காலைத் தூக்கி விளிம்பைத் தாண்டி வெளியே நீட்டினான். அப்படியே நின்றான்.

மச்சாது ஹாலுக்குப் போய்க் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு வந்தார். "மணலோடை முறைன்னு போட்டிருக்கு" என்றார். செல்வின் வாத்தியார் வீட்டுக்குப் போன் போட்டார்கள். அவர் மனைவிதான் எடுத்தார்.

"இப்பதான் சாப்ட்டுப் படுத்தாரு. நாலு மணிக்கு எந்திச்சதும் அமுக்கச் சொல்லுதேன்."

ஜெனோவா குடையை விரித்துச் சிலுவையின் தலைக்கு மேல் பிடித்தாள். பிறகு கூடையைக் கவிழ்த்து, அவன் தூக்கிய காலுக்கு அடியில் முட்டுக் கொடுத்து வைத்தாள்.