ஏட்டில் முப்பத்துநான்கு

அண்ணி விழுந்து நாற்பத்தாறு மணி நேரம் ஆகியிருந்தது. ஆஸ்பத்திரியில் உயிர் போய் முப்பத்தொன்பது. எண்ணாமல் இருக்க அவளால் முடியவில்லை. மணிக்கு ஒரு தடவை தூணில் தொங்கும் தெர்மாமீட்டரைப் பார்த்து ஏட்டில் எழுதுவதும் அவள் வேலையில் சேர்த்தி. அதனால் சலவைக்கூடத்தில் அவளுக்குப் பாதரசம் என்று பெயர். வைத்தது அண்ணிதான்.

மூன்றாம் தேய்ப்பு மிஷின் பக்கத்தில் மேசை போட்டு ஆய்வு அதிகாரி உட்கார்ந்திருந்தார். நாற்பது வயதுக்குள் இருக்கும் ஒரு பெண். எதிரே சூப்பர்வைசர் நின்றார். துணி மூட்டை ஒன்றின்மேல் அண்ணன் உட்கார்ந்திருந்தான். கையெழுத்துப் போட வரச் சொல்லியிருந்தார்கள்.

அதிகாரி ஏட்டைப் புரட்டினார். "செவ்வாய்க்கிழமை, ரெண்டு மணி. முப்பத்தி நாலு."

"அதைத்தான் மேடம் நானும் சொல்றேன்," என்றார் சூப்பர்வைசர். "முப்பத்தெட்டைத் தொட்டாத்தான் மிஷினை நிறுத்தணும்னு சட்டம். முப்பத்தி நாலுல யாராவது சாவாங்களா? எங்க வீட்டுல ஃபேன் இல்லாமலே தூங்குவேன். அந்தம்மா வெறும் வயித்தோட வந்திருக்கு."

"சாப்பிட்டுத்தான் வந்தா," என்றான் அண்ணன். "நான் கூட உக்காந்து சாப்பிட்டேன்."

"அப்ப உள்ளுக்குள்ள ஏதாவது சீக்கு இருந்திருக்கும். பொம்பளைங்க எல்லாத்தையுமா சொல்வாங்க?"

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டான். நேற்று சாவுக்கு வந்தவர்கள் எல்லோரும் கிளம்பிப் போன பிறகு அவன் வீட்டைக் கவிழ்த்துத் தேடியதை அவள் பார்த்திருந்தாள். மாத்திரை அட்டையோ, மருந்துச் சீட்டோ எங்காவது இருக்கும் என்று பீரோ, தலையணை உறை, கைப்பை எல்லாவற்றையும் உதறினான். அரிசி டப்பாவுக்குள்கூட முழங்கை வரை விட்டுத் துழாவினான். கையில் அரிசி ஒட்டியிருக்க, "என்கிட்டயே மறைச்சிட்டா பாரு," என்றான். அவளுக்கு ஒரு வார்த்தை வாய் வரை வந்தது, வந்த வழியே திரும்பிப் போனது.

அவளும் அண்ணியும் ஒரே மிஷினில் ஜோடி. இந்தப் பக்கம் ஈர விரிப்பைக் கொடுத்தால் சூட்டு உருளைகளுக்குள் புகுந்து அந்தப் பக்கம் ஆவி பறக்க வெளியே வரும். ஆளுக்கு இரண்டு மூலையைப் பிடித்து, எதிரெதிரே நடந்து வந்து, விரலோடு விரல் சேர்த்து மடிக்க வேண்டும். ஒரு நாளைக்கு நானூறு தடவை. விரிப்பெல்லாம் ஆஸ்பத்திரிகளுடையவை. வெயில் ஏற ஏற அங்கே மயங்கி விழுந்து வருகிறவர்கள் கூடினார்கள். இங்கே மூட்டைகள் கூடின. "ஊருக்குக் காய்ச்சல் வந்தா நமக்குக் கை ஓயாது," என்பாள் அண்ணி.

மிஷினை நிறுத்தும் விதி பழையது. முன்பெல்லாம் வருஷத்துக்கு இரண்டு நாள் முப்பத்தெட்டைத் தொடும். பள்ளிக்கூடத்துக்குத் திடீர் விடுமுறை விட்டதுபோல எல்லோரும் கை தட்டுவார்கள். நாற்பது நிமிஷம் வாசலில் காற்று வாங்கிவிட்டு வருவார்கள். இந்த வருஷம் காலை பத்து மணிக்கே தொட்டது. ஒரு நாளில் மூன்று தடவை நிறுத்தம். நின்ற நேரத்தை மாலையில் நின்று ஈடுகட்ட வேண்டும். மூட்டை முடியாமல் யாரும் போக முடியாது. ஐந்து மணி வேலை ஏழு மணிக்கு முடிந்தது. தெருக்குழாயில் தண்ணீர் ஆறிலிருந்து ஆறரை வரைதான். ஏரி வற்றியதிலிருந்து அப்படி. ஏழரைக்கு வீட்டுக்குப் போனால் குழாய் காற்றைத்தான் துப்பும்.

"உன் பாதரசத்தைக் கொஞ்சம் அடக்கி வாசிக்கச் சொல்லேன்டி," என்று இரண்டாம் மிஷின்காரி ஒரு நாள் ஏடும் கையுமாக நின்ற அவளைப் பார்த்துக் கத்தினாள். ஓயாமல் பேசுவதால் மிஷின்காரிக்கு ரேடியோ என்று பெயர். "மூணு நாளா குளிக்கல. என் புருஷன் திண்ணையில ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் உக்காந்து சாப்பிடுறோம்."

எல்லோரும் சிரித்தார்கள். அண்ணி சிரித்துக்கொண்டே சொன்னாள்: "காய்ச்சல்காரனுக்கு நெத்தியில ஈரத்துணி போடுறோம்ல? அதுக்கும் ஒண்ணு போட்டு விடு."

அண்ணி வேடிக்கைக்குத்தான் சொன்னாள். ஆனால் ஏடு எழுதும் அவள் ஒரு கிழிந்த தலையணை உறையிலிருந்து விரலகல நாடா கிழித்து, நனைத்து, தெர்மாமீட்டரின் குமிழில் சுற்றிவிட்டாள். நாற்பதிலிருந்து மளமளவென்று இறங்கி முப்பத்தொன்றில் நின்றது. அன்று எல்லோரும் ஐந்து மணிக்கு வீட்டுக்குப் போனார்கள். சூப்பர்வைசர் தூணைப் பார்த்தார். பார்க்காத மாதிரி நடந்தார். அண்ணி விழுந்த பிறகு துணியைக் காணோம்.

இன்று ஆறு மிஷினில் இரண்டுதான் ஓடின. என்றும் பூட்டிக் கிடக்கும் பின்கதவு திறந்திருந்தது.

அதிகாரி பையிலிருந்து ஒரு பலகையை எடுத்து நிறுத்தினார். அதில் இரண்டு தெர்மாமீட்டர்கள். ஒன்று வெறுமனே இருந்தது. மற்றதன் குமிழில் வெள்ளைத் துணி. அதிகாரி அந்தத் துணியில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டார்.

அவள் அந்தத் துணியையே பார்த்தாள். தன்னைக் கண்டுபிடித்துக் கேலி செய்கிறார்கள் என்று நினைத்தாள்.

"மேடம், அதுக்கு ஏன் துணி?"

அதிகாரி நிமிர்ந்து பார்த்தார். "வேர்வை காஞ்சாத்தான் உடம்பு ஆறும். ஆவி நிறைஞ்ச இடத்துல அது காயாது. வெறும் தெர்மாமீட்டர் காத்தோட சூட்டைச் சொல்லும். இந்த ஈரத்துணி, உடம்பால எவ்வளவு ஆற முடியும்னு சொல்லும்."

"இதுல எவ்வளவு வரைக்கும் இருக்கலாம்?"

"முப்பதைத் தாண்டினாலே இந்த மாதிரி வேலை செய்யக்கூடாது. முப்பத்தஞ்சுன்னா சும்மா படுத்திருக்கிற ஆளே தாங்க மாட்டாங்க." பிறகு ஏட்டைத் தட்டினார். "உங்க ஏட்டுல இருக்கிறது வெறும் தெர்மாமீட்டர் கணக்கு. அது வேற."

முப்பத்தொன்று, முப்பத்திரண்டு, முப்பத்துமூன்று. நாலு மாதமாக அவள் கையெழுத்தில், வரிசையாக, கோடு போட்ட கட்டங்களுக்குள். செவ்வாய்க்கிழமை பன்னிரண்டு மணிக்கு முப்பத்துமூன்று. ஒரு மணிக்கு முப்பத்துநான்கு. இரண்டு மணிக்கும் அதுவே. அதை எழுதிவிட்டு வந்துதான் விரிப்பின் மூலையைப் பிடித்தாள். அண்ணி எதிரே நடந்து வந்தாள். அன்று அவள் விரல் சுட்டது; வேர்வையே இல்லை. "என்னடி, உன் ஆளு இன்னிக்கும் நல்ல பிள்ளையா இருக்கானா?" என்று தூணைக் கண்ணால் காட்டிக் கேட்டாள். அதன்பின் இருபது நிமிஷம்தான்.

சூப்பர்வைசர் காகிதத்தை அண்ணன் முன் நீட்டினார். "உடல்நலக் குறைவுன்னு போட்டிருக்கு. இங்க ஒரு கையெழுத்து. அவ்வளவுதான்."

இரண்டாம் மிஷினிலிருந்து ரேடியோ அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாயைத் திறக்கவில்லை. தலையை மட்டும் இடமும் வலமும் மெல்ல ஆட்டினாள். வேண்டாம். தண்ணீர் ஆறிலிருந்து ஆறரை வரைதான்.

அண்ணன் பேனாவின் மூடியைக் கழற்றினான். "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருப்பேன்," என்றான், யாரிடம் என்றில்லாமல். "பொய்க்காரி."

"அண்ணா, கையெழுத்துப் போடாதே."

எல்லோரும் திரும்பினார்கள். சூப்பர்வைசர், "நீ போய் வேலையைப் பாரு," என்றார். அவள் அவரைப் பார்க்கவில்லை. ஏட்டின் மேல் கையை வைத்துக்கொண்டாள்.

"அண்ணிக்கு ஒரு சீக்கும் இல்ல. மேடம், இதுவும் ஈரத்துணிக் கணக்குதான். நாலு மாசமா அந்தத் தெர்மாமீட்டர்ல துணி இருந்துச்சு. மணிக்கு மணி நனைச்சு நனைச்சுச் சுத்தினது நான்தான்."