ஒரே டப்பா, பதினொரு வயிறு

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, லாயத்தின் கிழட்டுக் குதிரையின் ஊடாகப் பின்சுவர் தெரிந்தது. சுவரில் மாட்டியிருந்த மூன்று வாளிகளையும் அதன் வயிற்றின் வழியாகவே எண்ண முடிந்தது. மகளின் பிரசவத்துக்குப் போய் ஒன்பது நாள் கழித்துத் திரும்பிய தீனிக்காரி, கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல் நின்று பார்த்தாள். பேத்தி பிறந்த சந்தோஷத்தைச் சொல்ல வந்தவள், நேராகத் தீனித் தொட்டியைப் போய்ப் பார்த்தாள்.

பதினொரு குதிரைகளுக்கும் பதினொரு விதமாகத் தீனி கலப்பவள் அவள். வண்டி இழுப்பதற்கு ஓட்ஸ் கூடுதல், சும்மா நிற்பதற்குக் காய்ந்த புல் மட்டும், குட்டிக்குப் பால் கொடுப்பதற்கு இரண்டு பங்கு. எல்லாரும் 'கிழவர்' என்று மரியாதையாகக் கூப்பிடும் பல் போன இந்தக் குதிரைக்கோ, தவிட்டையும் பொடியாக நறுக்கிய புல்லையும் வெந்நீரில் ஊறவைத்த கூழ், நாளுக்கு ஐந்து வேளை. லாயத்தின் சொந்தக்காரர் அவளுடைய அக்கா புருஷன். நியாயஸ்தர் என்று பேரெடுத்த மனிதர். பிள்ளைகளுக்கு ஆப்பிள் கொடுத்தால்கூட நூல் வைத்துப் பாதியாக அறுப்பார். அவள் இல்லாத நாட்களில், ஓரவஞ்சனை கூடாது என்று எல்லாத் தொட்டியிலும் ஒரே டப்பாவால் ஒரே அளவு ஓட்ஸ் கொட்டினார். சும்மா நின்ற குதிரைக்கு ஓட்ஸ் மிஞ்சிக் குளம்புகள் கொதித்து, அடியிலிருந்த ஈர வைக்கோல் ஆவி விட்டது. பால் கொடுப்பதன் நிழல் இளைத்துக் கயிறாகிவிட்டது. கிழவர் மெல்ல முடியாமல் துப்பிக்கொண்டே கரைந்ததை யாரும் கவனிக்கவில்லை.

"எல்லாத்துக்கும் சமமாத்தானே போட்டேன்?"

"வயிறு சமமா இல்லையே, அத்தான். கிழவருக்குப் பல்லு இருக்கான்னு வாயைத் திறந்து பாத்தீங்களா?"

மற்றவை பழைய தீனிக்குத் திரும்பி ஒரு வழியாகத் தேறின. கிழவருக்கு மட்டும் அன்று மதியத்துக்குள்ளேயே காதும் மூக்கும்தான் மிச்சம். தொட்டி நிறையக் கூழைக் கொட்டிவிட அவள் மனம் பறந்தது. ஆனால் காய்ந்த குடலில் மொத்தமாக இறங்கினால் சுருட்டிப் பிடித்துச் செத்தே போகும். ஆகவே இரண்டு மணி நேரத்துக்கு இரண்டு கைப்பிடி, அவ்வளவுதான். இடைப்பட்ட நேரத்தில் அவளுக்கு நிற்கவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. பெருக்கிய தரையையே பெருக்கினாள், கழுவிய வாளியையே கழுவினாள். அத்தான் வாசலுக்கும் தொட்டிக்குமாக அலைந்தார்.

"இன்னும் ஒரு கை போடேன்ம்மா."

"நீங்க போட்டதே போதும்."

சொன்ன பிறகு அவளுக்குப் பாவமாக இருந்தது. மனிதர் மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை என்று அக்கா சொல்லியிருந்தாள்.

நான்காம் நாள் காதும் போய்விட்டது, மூக்கும் போய்விட்டது. அவள் வெறும் காற்றில் கூழை நீட்டிக்கொண்டு நின்றாள். கை வலித்தது, மாற்றவில்லை. வெகுநேரம் கழித்து, சூடான நாக்கு ஒன்று உள்ளங்கையை வழித்து நக்கியது. அவள் அங்கேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். அத்தான் அடுத்த வேளைக்குத் தவிடு சலிக்கப் போனார்.

வாரக் கடைசியில் மூக்கு வந்தது, பிறகு கழுத்து, இரண்டு மாதத்தில் வால்வரை எல்லாம். இடது பின்னங்கால் மட்டும் வரவே இல்லை. அதனாலென்ன, கிழவர் அதை ஊன்றித்தான் நடக்கிறார். லாடம் அடிப்பவர் தடவித் தடவிக் குளம்பைக் கண்டுபிடித்து அடித்துவிட்டுப் போனார். இப்போது முற்றத்தில் மூன்று கால்களோடு ஒரு லாடமும் தனியாக நடந்து வரும். புதிதாக வருகிறவர்கள் அது என்ன என்று கேட்டால், "அதுவா, நான் தீனி போட்ட ஒன்பது நாளுங்க" என்று சொல்லிவிட்டு, அத்தான் கூழுக்கு வெந்நீர் வைக்கப் போய்விடுவார்.